ஒரு செட்டு மாத்திரை

மூணு நாளா கொல்லைக்குப் போவலன்னு ஆயாகிட்ட காதோட காதா சொன்னியாமே பேராண்டி? அவ காதுல விழுந்த சேதி தெருமொனை வரைக்கும் போயாச்சு. காலைல பால் ஊத்த வந்தவன், "பேரப்புள்ளைக்கு இப்ப தேவலாமா?"ன்னு துக்கம் விசாரிக்கிற கொரல்ல கேட்டுட்டுப் போறான். வெக்கப்படாத. கலெக்டருக்கும் அந்தக் கஷ்டம் உண்டு, கரும்பு வெட்டறவனுக்கும் உண்டு. கலெக்டரு வெளிய சொல்ல மாட்டாரு, அவ்வளவுதான்.

அது என்னா கையில டப்பா? கல்வராயன் மலை மூலிகைச் சூரணமா? மெட்ராசுல வாங்கினியா? வெலைய மெதுவா சொல்லு, ஆயாளுக்குக் கேட்டுச்சுன்னா அவளுக்குத் தனியா வைத்தியம் பாக்கணும். ஏண்டா, நாம குந்தியிருக்கறது கச்சிராயபாளையத்துப் பக்கம். தலைய ரவ தூக்கினா மலை தெரியுது. அங்க எறங்கின சரக்கு மெட்ராசுக்குப் போயி, டப்பாவுல பூந்து, மேல படம் ஒட்டிக்கிட்டு, உன் பையில ஏறி, திரும்ப மலையடிவாரத்துக்கே வந்து சேந்துருக்கு. கோமுகி அணைக்குக் கொடத்துல தண்ணி தூக்கிக்கிட்டுப் போற ஆளுடா நீ.

பிரிச்சு மோந்து பாத்துட்டேன். முக்காவாசி கடுக்கா. சரக்கைக் குத்தம் சொல்லல. மேல மலையாளி சனங்க காட்டுல பொறுக்கி, காயவெச்சு, மூட்டை கட்டறாங்களே, அதே காய்தான். அதை வாங்கறவனெல்லாம் வைத்தியருன்னு நெனச்சுக்காத. தோல் பதப்படுத்தறதுக்கும் அதுதான் போவுது. மாட்டுத்தோலைக் கெட்டியாக்கற துவர்ப்பு அதுல கெடக்கு. அதையே ராவுல வெந்நியில ரவ கலக்கிக் குடிச்சா மனுசனுக்குக் குடலு எளகுது. செத்த தோலுக்கு ஒரு நியாயம், உசுரோட இருக்கற குடலுக்கு ஒரு நியாயம்.

ஆனா ஒடைக்கிறதுக்குன்னு ஒரு மொறை இருக்கு. காய் மேல நெடுக்க வரிவரியா மேடு ஓடும். அம்மியில வெச்சுக் குழவியால ஒரு போடு போட்டா மேல்சதை சில்லுசில்லா தெறிக்கும். உள்ள கெட்டியா ஒரு கொட்டை நிக்கும். கொட்டைய வீசிட்டுச் சதைய மட்டும் இடிக்கணும். சுக்குன்னா மேல்தோலைச் சீவணும், கடுக்கான்னா உள்கொட்டைய எடுக்கணும். இது இந்தத் தெருவுல எந்தப் பொம்பளைய எழுப்பிக் கேட்டாலும் தூக்கத்துலயே சொல்லும். உன் டப்பாக்காரன் கொட்டைய எடுத்தானா, கொட்டையோட போட்டு மிஷின்ல அரைச்சானா? டப்பா மேல சிரிச்சுக்கிட்டு நிக்கிறாரே தாடிக்காரரு, அவரைத்தான் கேக்கணும்.

கூடவே ஒரு பாட்டில் மலைத்தேனும் வாங்கியாந்திருக்க. இருக்கட்டும். மூங்கில்துறைப்பட்டுல ஒரு சக்கரை ஆலை, கச்சிராயபாளையத்துல ஒரு சக்கரை ஆலை, ரெண்டுக்கும் நடுவுல ரோட்டோரமா ஒரிஜினல் தேனு. எனக்கு ஒண்ணும் சந்தேகம் இல்ல, தேனீதான் ரவ சோம்பேறியா போச்சோன்னு தோணுது. நல்ல தேனோ, கெட்ட தேனோ, உன் தங்கச்சி கொழந்தைக்கு ஒரு வயசு முடியற வரைக்கும் நாக்குல தடவிடாதீங்க. பச்சக்கொழந்தை வயித்துக்கு அதுல இருக்கற ஒரு கிருமி ஆவாது. சேனை வெக்கிறேன்னு ஆயா வந்தா கையப் புடிச்சுக்க. அவகிட்ட நான் சொன்னேன்னு சொல்லாத.

இப்ப உன் கதைக்கு வருவோம். காலைல வயிறு கூப்புடற நேரத்துல நீ என்னா செய்யற? காதுல ஒயரை மாட்டிக்கிட்டு மீட்டிங்கு. அப்புறம் வான்னு சொல்லிடற. அதுக்கும் ரோஷம் இருக்காதா? ரெண்டு நாளு கூப்புட்டுப் பாக்கும், மூணாம் நாளு நீயே கூப்புடுன்னு கெடந்துரும். ராத்திரி பரோட்டா, பகல்ல பிரியாணி, ஏசி ரூமுல தாகம் எடுக்கலன்னு தண்ணியே குடிக்கறதில்ல. உள்ள போன மாவு எப்பிடிடா நகரும்? கீரை தின்னு. கொய்யாப்பழம் கடி. மலையில வெளையற சாமை சந்தையில கெடைக்குது, மெட்ராசுல டப்பாவுல வர்ற வரைக்கும் காத்திருக்காம இங்கயே ஒரு படி வாங்கிக்க. காலைல எழுந்து தண்ணி குடிச்சுட்டு அணைக்கட்டு வரைக்கும் நடந்துட்டு வா, பைக்குல இல்ல. வெள்ளக்கார கக்கூசுல குந்துற ஆளுன்னா காலுக்கு அடியில ஒரு மணை போட்டு முட்டிய ஒசத்திக்க, பாதி வேலை முடிஞ்சுது. கடுக்கா என்னிக்காச்சும் ஒரு நாளைக்கு. தெனம் அதையே நம்பிக் கெடக்காத. ரத்தம் போனாலோ, காரணமில்லாம எடை கொறைஞ்சாலோ, வயசான ஆளுக்குத் திடீர்னு போக்கு மாறினாலோ சூரணத்தை மூடி வெச்சுட்டு டாக்டரைப் பாக்கணும்.

அடுத்தது கழுத்து வலி, இடுப்பு வலியா? சொல்லு, சொல்லு. முப்பது வயசுல எனக்குப் போட்டியா வர்ற. எங்க காலத்துல வலியே கெடையாதுன்னு பீத்திக்கிற கெழவனுங்களை நம்பாத. நான் ஆலைக்குக் கரும்பு வண்டி ஓட்டினவன். வலிச்சுது, நல்லாவே வலிச்சுது. அந்தக் காலத்துல எல்லாரும் நூறு வயசு வாழ்ந்தாங்கன்னு சொல்றவன், அம்பதுல போய்ச் சேந்தவங்களைக் கணக்குல எடுக்காம சொல்றான். மலைக்காரங்களுக்கு நோயே வராதுன்னு மெட்ராசுக்காரன் படம் புடிச்சுப் போடறானே, அவனை ஒரு வருசம் மேல கொண்டு போயி ரோடு இல்லாத ஊருல விடணும். பிரசவ வலி வந்த பொண்ணைத் தூளி கட்டித் தூக்கிக்கிட்டு எறங்கறப்ப அவன் கேமராவைப் புடிப்பானா, கம்பைப் புடிப்பானான்னு பாப்போம்.

வலிக்கு நம்ம ஊருல ஒரு மந்திரம் இருக்கு. மெடிக்கலுக்குப் போயி, "அண்ணே, ஒடம்பு வலிக்கு ஒரு செட்டு குடுங்க." அவரு ஒண்ணும் கேக்க மாட்டாரு. செவப்பு ஒண்ணு, வெள்ளை ஒண்ணு, மஞ்சள் ஒண்ணு, கத்திரிக்கோலால கத்தரிச்சு, பேப்பருல மடிச்சுக் குடுத்துருவாரு. கத்தரிச்ச துண்டுல பேரும் இருக்காது, தேதியும் இருக்காது. கோழித்தீவன மூட்டைய வாங்கும்போது எத்தனை கேள்வி கேக்கறோம்! நம்ம வாயில போடறதுக்கு ஒரு கேள்வி கெடையாது. அந்த வெள்ளை பாராசிட்டமாலா இருக்கும். அது ஏழைக்கேத்த நல்ல மாத்திரை. ஆனா சளிக்குக் குடுத்த கலவை மாத்திரையிலயும் அது இருக்கும், ராத்திரி நீயா போட்ட காய்ச்ச மாத்திரையும் அதுவாத்தான் இருக்கும். 500 மில்லிகிராம் மாத்திரைன்னா பெரிய ஆளுக்கு ஒரு நாளைக்கு 8-க்கு மேல போவக் கூடாது. குடிக்கிற ஆளுக்கு அதைவிடக் கம்மி. ஈரல் கெட்டுப் போவும். செவப்பு எதுன்னு எனக்குச் சொல்லத் தெரியாது, ஆனா பெரும்பாலும் வலி மாத்திரைதான். டைக்ளோபினாக்கு, அதோட அண்ணன் தம்பிங்க.

அந்த டைக்ளோபினாக்குக் கதை ஒண்ணு இருக்கு, கேளு. முன்னெல்லாம் செத்த மாட்டைத் தூக்கிப் போட்டா பொணந்தின்னிக் கழுகு கூட்டமா எறங்கும். அப்புறம் நாடு பூரா அதுங்க காணாம போச்சு. 1990-கள்ல தொடங்கி, வெண்முதுகுக் கழுகு 100-க்கு 95-க்கு மேல அழிஞ்சுது. என்னா சாபமோ, என்னா நோயோன்னு எல்லாரும் மண்டைய ஒடைச்சுக்கிட்டாங்க. 2004-ல பாகிஸ்தான்ல செத்த கழுகை அறுத்துப் பாத்து ஆராய்ச்சிக்காரங்க கண்டுபுடிச்சாங்க. மாட்டுக்கு வலிக்குதுன்னு டைக்ளோபினாக்கு ஊசி போட்டுருக்கான். மாடு செத்துச்சு, அந்தக் கறியக் கழுகு தின்னுச்சு, அதுக்குக் கிட்னி போச்சு. அழுவினது, புழுத்தது எல்லாத்தையும் செரிக்கிற பறவை, நம்ம வலி மருந்தைச் செரிக்க முடியாம செத்துருக்குடா. 2006-ல மாட்டுக்கு அந்த மருந்து செய்யறதையே இந்தியாவுல நிறுத்திட்டாங்க.

கழுகு கிட்னியும் உன் கிட்னியும் ஒண்ணு இல்ல, பயப்படாத. மனுசன் அதைத் தாங்குவான், டாக்டர் சொல்ற அளவுக்கு, சொல்ற நாளைக்கு. ஆனா சித்திரை வெய்யில்ல கொல்லியில தண்ணி குடிக்காம கரும்பு வெட்டிட்டு, வெறும் வயித்துல அதைப் போட்டுக்கிட்டு, மறுநாளும் வெட்டி, மறுநாளும் போட்டா, கிட்னி எத்தனை நாளைக்கித் தாங்கும்? வயித்துல புண்ணு வர்றது அதுக்கும் மேல.

மாத்திரையாவது தேவலாம். ஊசிப் பைத்தியம் புடிச்ச சனம் இருக்கே! டாக்டரு ஊசி வேணாம்னு சொன்னா, "இந்த டாக்டருக்கு ஒண்ணும் தெரியல"ன்னு எழுந்து வந்துருதுங்க. அப்பிடி ஒரு பொம்பள, முட்டி வலிக்குன்னு எவனோ ஒரு படிக்காத வைத்தியன்கிட்ட வாரா வாரம் ஊசி. மூணே வாரத்துல மான்குட்டியா ஓடுது. கன்னம் ரெண்டும் பொதபொதன்னு உப்பிப் போச்சு. "பாரு, ஒடம்பு தேறிடுச்சு"ன்னு ஊரே மெச்சுது. அது சதையில்லடா, ஸ்டீராய்டு. அது பாட்டுக்குச் சக்கரைய ஏத்தும், எலும்பைக் கரைக்கும். பட்டுன்னு நிறுத்தினா ஆளையே சாய்ச்சுடும், அதனால நிறுத்தறதுக்கும் ஒரு நல்ல டாக்டரு வேணும். முட்டி வலிக்கு முட்டிய ஆட்டணும், எடையக் கொறைக்கணும், தொடைக்கு வலு ஏத்தணும். இதைச் சொன்னா காசு கேக்க முடியாதே, அதனால எவனும் சொல்றதில்ல.

இன்னொரு வலி மருந்தும் இந்த ஊருல உண்டு. உனக்குத் தெரியும், பேப்பருல படிச்சிருப்ப. கள்ளக்குறிச்சின்னா கோயில் செலை செதுக்கற மர வேலைக்குப் பேரு வாங்கின ஊரு. 2024 ஜூன் மாசத்துக்கு அப்புறம் வேற பேரு வந்துடுச்சு. கருணாபுரத்துல பாக்கெட் சாராயம் குடிச்சு 65 பேருக்கு மேல செத்தாங்க. மொதல்ல அதுல பாதிப்பேரு எதுக்குக் குடிச்சாங்கன்னு நெனக்கிற? மூட்டை தூக்கினவன், கலவை சொமந்தவன். "குடிச்சாத்தான் மாமா ஒடம்பு வலி தெரியாம தூக்கம் வருது"ன்னு இந்தத் திண்ணையில குந்தி எத்தனை பேரு எங்கிட்டயே சொல்லியிருக்கான். குடிகாரன்னு ஒரு சொல்லுல தள்ளிடறோம். அவன் கணக்குல அது மருந்துடா. மெடிக்கல் செட்டைவிட மலிவு.

அந்தப் பாக்கெட் சாராயத்துல மெத்தனால் இருந்துச்சு. அதுக்கு முந்தின வருசம் மே மாசம் மரக்காணம் எக்கியார்குப்பத்துல சாவு விழுந்ததும் அதனாலதான். வாசனையில வித்தியாசம் புடிக்க முடியாது. உள்ள போனதும் ஈரல் அதை ஃபார்மிக் அமிலமா மாத்தும். எறும்பு கடிச்சா எரியுதே, அதே அமிலம். அது கண் நரம்பைத்தான் மொதல்ல தேடிப் போவும். இதுல கெட்டது என்னன்னா, உடனே ஒண்ணும் தெரியாது. பல மணி நேரம் கழிச்சு வயித்து வலி, வாந்தி, மூச்சு வாங்கறது, கண்ணுல பனி மூட்டம். பாக்கறவனுக்குப் போதை தெளியாத மாதிரியே இருக்கும். மோரைக் குடுத்துப் படுக்க வெப்பாங்க. அந்த நேரத்துலதான் ஆஸ்பத்திரியில மாத்து மருந்தும் டயாலிசிசும் பலிக்கும். கள்ளக்குறிச்சி, சேலம், முண்டியம்பாக்கம், ஜிப்மர்னு அன்னிக்கு ஆம்புலன்சு பறந்துச்சே, வண்டியில ஏறறதுக்குள்ள பாதி நேரம் வூட்டுலயே கழிஞ்சு போனவங்களும் உண்டு. குடிச்சவன் கண்ணு மங்கலா தெரியுதுன்னு சொன்னா, அவன்கிட்ட நியாயம் பேசிக்கிட்டு நிக்காத. 108-ஐக் கூப்புடு. திட்டறதை அப்புறம் வெச்சுக்கலாம்.

வயித்து வலின்னதும் ஓம தண்ணிய நீட்டற வழக்கம் நம்மகிட்ட இருக்கு. நல்ல வழக்கம்தான், நூத்துக்குத் தொண்ணூறு வயிறு அதுலயே அடங்கிடும். மிச்சம் பத்துதான் வில்லங்கம். தரையில படுத்துத் தூங்கின ஆளு, விடிய எழுந்து வயிறு வலிக்குதுங்கறான், ராத்திரி ஒண்ணும் கெட்டது திங்கல. கொஞ்ச நேரத்துல எமை தூக்க முடியல, எச்சி முழுங்க முடியல. அது கட்டுவிரியன் வேலை. ராவுல வந்து கடிக்கும், வலியே தெரியாது, கடிவாயும் கண்ணுக்குப் படாது. கரும்புத் தோட்டம் பக்கத்துல இருக்கறவன் இதை மனப்பாடம் பண்ணி வெச்சுக்கணும். இந்த ஒரு விஷயத்துல மட்டும் என் பேச்சையும் கேக்காத, மந்திரிக்கிறவன் பேச்சையும் கேக்காத. கயிறு கட்டாத, கீறாத, வாய வெச்சு உறிஞ்சாத. கால ஆட்டாம நேரா பெரிய ஆஸ்பத்திரி. சிறுவங்கூருல 2022-ல இருந்து மெடிக்கல் காலேஜே நிக்குது. வாசல் வரைக்கும் பஸ்சு போவுது, நாமதான் வழியில இருக்கற ஒவ்வொரு வேப்பிலைக்காரன் வூட்டுலயும் எறங்கி ஏறறோம்.

சளியா? அதுக்கு ஒரு வாரம் குடு. மொளவு ரசம், நொச்சி வேவு, நல்ல தூக்கம். வேவு புடிக்கறப்ப கொழந்தைய மடியில வெச்சுக்காத, கொதி தண்ணி கவுந்த கதை ஊருக்கு ரெண்டு இருக்கு. ரெண்டாம் நாளே அசித்ரோமைசின் கேட்டு நிக்காத. வைரஸ் சளிக்கு அது ஒண்ணும் செய்யாது. என்னிக்காச்சும் நெசமா தேவைப்படற நாள்ல அது உன்னைக் கைவிட்டுரும். ஆனா இருமல் ரெண்டு வாரத்தைத் தாண்டினா ஆடாதோடையும் வேணாம், தூதுவளையும் வேணாம். ஆரம்ப சுகாதார நிலையத்துல சளிய டெஸ்ட்டு எடுக்கறாங்க, காசில்ல. காசநோய்னா மாத்திரையும் காசில்ல. ஆறு மாசம் சாப்புடணும். ரெண்டு மாசத்துல தேறிட்டேன்னு விட்டவனுக்குத் திரும்ப வந்தா அது வேற சண்டை.

இப்ப இவ்வளவு நேரம் வலிச்சதைப் பத்தியே பேசினோம். வலிக்கிறவன் கெட்டிக்காரன்டா, கூப்பாடு போட்டு ஆளைச் சேத்துருவான். நம்ம வூட்டுல இருக்கற ரெண்டு பேரு வாயே தொறக்க மாட்டாங்க. ஒண்ணு பிரஷர், ஒண்ணு சக்கரை. "எனக்கு ஒண்ணும் செய்யல, அதனால மாத்திரைய நிறுத்திட்டேன்"னு உன் ஆயா சொல்றாளே, மாத்திரை சாப்புட்டதாலதான்டி ஒண்ணும் செய்யலன்னு சொல்லிச் சொல்லி என் பிரஷர் ஏறிப் போச்சு. சக்கரைக்காரன் காலுல ஆணி குத்தினா அவனுக்கே தெரியாது. அவன் ராத்திரி ராத்திரி உள்ளங்கால விளக்கு வெளிச்சத்துல திருப்பிப் பாக்கணும். பித்தவெடிப்புன்னு பிளேடு எடுத்துச் சீவக் கூடாது, எண்ண தடவினா போதும்.

மக்களைத் தேடி மருத்துவம்னு 2021 ஆகஸ்டுல கிருஷ்ணகிரிப் பக்கம் சாமனப்பள்ளியில ஆரம்பிச்சாங்களே, அந்தத் திட்டத்துல நம்ம தெருவுக்கும் ஒரு பொண்ணு வருது. மாசா மாசம் மாத்திரை கொண்டாந்து குடுக்கும், பிரஷர் பாக்கும். நல்ல பொண்ணு. ஆனா ஆயாளுக்கு அதைக் கண்டா ஆவாது. அந்தப் பொண்ணு தெருவுல திரும்பறப்பவே மாங்கா ஊறுகா ஜாடி அரிசிப் பானைக்குள்ள போயிரும். போன மாசம் அந்தப் பொண்ணு அரிசியப் பாக்கணும்னு கேட்டுச்சு பாரு, அவ மூஞ்சிய நீ பாத்துருக்கணும்.

என்னா, எழுந்திரிக்கற? எங்க போற? கேட்டு தொறக்கற சத்தம்தான் அது, வரட்டும். ஆயாளுக்குப் பாக்க வருதுன்னு நெனச்சுக்கிட்டியா? நேத்தே போன் போட்டு உன் பேரைச் சொல்லிட்டேன். மெட்ராசுல ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சிருக்கறான், பாக்கெட் சிப்ஸ் தின்னறான், ஒரு தடவை பாத்துட்டுப் போம்மான்னு. டீ கேக்காத, அதைப் பாத்துட்டுக் குடிச்சுக்கலாம். முதுவை நல்லா சாய்ச்சு, ரெண்டு காலையும் தரையில ஊனி, அஞ்சு நிமிசம் வாய மூடிக்கிட்டு இரு. போனைக் குடு இப்பிடி. சட்டைக் கைய மேல மடக்கு. வாம்மா, வா, இந்தப் பையன்தான்.